ஆறாவது பாட்டில்

ஆறு பாட்டில். எல்லாவற்றிலும் ஸ்பைருலினா என்ற ஒரே நீலப்பச்சைப் பாசி, ஒரே நாளில் கலக்கிய மீடியா (அது வளரும் சத்து நீர்), ஒரே அளவு விதைக் கல்ச்சர் (தொடங்கி வைக்க ஊற்றும் பாசி நீர்). ஐந்தாம் நாள் பார்த்தால் முதல் பாட்டில் கரும்பச்சையாக, பின்னால் பிடித்த விரல் தெரியாத அளவுக்கு அடர்ந்திருந்தது. ஆறாவது மட்டும் மல்லித்தழை அலசிய தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடந்தது.

மறுபடி செய்தோம். மறுபடியும் ஆறாவதுதான் பின்தங்கியது. மூன்றாம் முறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றையும் ஆறையும் இடம் மாற்றி வைத்தேன். ஆறிலிருந்து வந்தது நாலே நாளில் தேறி எழுந்தது. ஒன்றிலிருந்து போனது அப்படியே தேங்கிவிட்டது. கோளாறு உயிரில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் இரண்டு மாத டேட்டா குப்பைக்குப் போயிருந்தது.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். சால்டரிங் அயர்னை முதன்முதலில் பிடித்ததே இந்த வேலைக்காகத்தான். பயோரியாக்டர், அதாவது உயிர்களைக் கட்டுப்பாட்டோடு வளர்க்கும் கலன், என்றதும் பலருக்கு எஃகுத் தொட்டியும் குழாய்களும் நினைவுக்கு வரும். எங்களுடையது அரை லிட்டர் கண்ணாடி பாட்டில், மூடியில் மூன்று துளை, மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று பம்ப். அவ்வளவுதான். ஒளியைக் கட்டுப்படுத்தும் வசதியோடு கடையில் வாங்கினால் லட்சக் கணக்கில் ஆகும். சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். இறங்க தைரியம் கொடுத்தது, பெரிய இடங்களிலும் இப்படிச் சிறியதாகச் செய்கிறார்கள் என்பதுதான். 2018-ல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஈவால்வர் என்ற கருவியையும், 2020-ல் ஆக்ஸ்ஃபோர்ட் குழு கை-பயோ என்ற கருவியையும் வரைபடத்தோடு வெளிப்படையாக வெளியிட்டிருந்தன. ஈவால்வரில் கல்ச்சரைக் கலக்குவதற்குக் கம்ப்யூட்டர் ஃபேன் மேல் காந்தத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. ஃபேன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மின்சாமான் கடைகளில் கிடைக்கும். காந்தமும் கிடைக்கும்.

பாட்டிலைச் சுற்றி ஒளி தரும் உறை செய்தது எளிது. நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்பை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, உள்ளே எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை மூன்று சுற்று சுற்றினால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் பிடிக்கும். பாட்டிலை நடுவில் இறக்க வேண்டியதுதான். மின்சாமான் எதுவும் மீடியாவைத் தொடாது, கிருமி நீக்க நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவுக்குள் போக வேண்டியதும் இல்லை. இந்த ஒரு முடிவை மட்டும் முதல் நாளே சரியாக எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முதலில் ஒரு ஜூனியர் தம்பி த்ரீடி பிரிண்டரில் அழகான உறை அடித்துக் கொடுத்தான். பி.எல்.ஏ. பிளாஸ்டிக். ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த பாட்டிலை ஆறவிடாமல் யாரோ அதில் இறக்கிவிட்டார்கள். பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே இளகும். உறை பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதன்பிறகு பைப்தான்.

ஆறாவது பாட்டிலுக்கு வருகிறேன். ஆறு உறைகளின் ஸ்ட்ரிப்புகளையும் ஒன்றன் வாலில் ஒன்றாக மெல்லிய ஒயரால் கோத்திருந்தேன், தீபாவளி சீரியல் லைட் மாதிரி. பவர் சப்ளை முதல் உறையின் பக்கத்தில். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது முதல் உறையில் 12 வோல்ட், ஆறாவதில் 10.9. ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எலெக்ட்ரானிக்ஸ் துறையில் இருக்கும் தோழி தாளில் போட்டுக் காட்டினாள். இந்த ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்.இ.டி.யாகத் தொடராகக் கோத்து, கூட மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். மூன்று எல்.இ.டி.யும் சேர்ந்து ஏறக்குறைய 9 வோல்ட்டை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டர் மேல். எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைத் தீர்மானிப்பது அந்த 3 வோல்ட்தான். அதில் 1.1 போய்விட்டால் மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். வெளிச்சமும் அதே கணக்கில் குறையும்.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்பதுதான் எனக்கு அவமானம். தினமும் காலையில் ஆறு உறைகளையும் எட்டிப் பார்த்து, எல்லாம் நன்றாக எரிகிறது என்று நோட்டில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தை அளப்பதற்கு மனிதக் கண் லாயக்கில்லை. பாதியாகக் குறைத்தாலும் கொஞ்சம் மங்கியதாகத்தான் அது சொல்லும்.

தீர்வு சாதாரணம். பவர் சப்ளையிலிருந்து ஒவ்வொரு உறைக்கும் தனித்தனியாக, தடித்த ஒயர். ஒரு மீட்டர் ஸ்ட்ரிப் 14.4 வாட், அதாவது 1.2 ஆம்பியர். ஆறுக்கும் சேர்த்து 7.2 ஆம்பியர். 10 ஆம்பியர் சப்ளை வாங்கினேன். முதலில் வைத்திருந்தது 5 ஆம்பியர், அது வேறொரு கூத்து அடித்தது.

அந்தக் கூத்து இப்படி. வெப்பத்தைப் பார்க்க டி.எஸ்.18பி20 சென்சார், எல்லாவற்றையும் நடத்த ஈ.எஸ்.பி.32 போர்டு. 38 டிகிரியைத் தாண்டினால் விளக்கை அணைத்துவிடு என்று நிரல் எழுதியிருந்தேன். ஒருநாள் ஆறு உறைகளும் கல்யாண வீடு மாதிரி அணைந்து அணைந்து எரிகின்றன. பதிவைப் பார்த்தால் வெப்பம் 31, 31, 85, 31, 85. பாட்டிலில் கை வைத்தால் வெதுவெதுப்புக்கூட இல்லை. இந்தச் சென்சாருக்கு மின்சாரம் ஒரு கணம் தடைபட்டு மீண்டும் வந்தால், புதிதாக அளக்கும்வரை அது சொல்லும் எண் 85. அது வெப்பநிலையே அல்ல, இப்போதுதான் எழுந்தேன் என்று சொல்லும் குரல். ஆறு விளக்கும் ஒரே நேரத்தில் எரிய, சப்ளை திணறி, சென்சார் மயங்கி எழுந்து 85 என்று சொல்ல, நிரல் பயந்து விளக்கை அணைக்க, சப்ளை மூச்சு வாங்கிக்கொள்ள, மறுபடி முதலிலிருந்து. இப்போது சரியாக 85 வந்தால் அந்த ரீடிங்கைத் தள்ளிவிடு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மைனஸ் 127 வந்தால் ஒயர் கழன்றிருக்கிறது என்று பொருள், அதையும் தள்ளிவிடு. ஆறு விளக்கையும் ஒன்றாகப் போடாமல் அரை நொடி இடைவெளி விட்டுப் போடுகிறோம். சென்சாருக்கும் போர்டுக்கும் தனி 5 வோல்ட் சப்ளை.

சென்சாரைப் பாட்டிலுக்குள் எப்படி வைப்பது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எஃகுக் குழலுக்குள் வரும் சென்சாரை நேரே மீடியாவில் முக்கினால் சில வாரம் நன்றாக இருக்கும். ஸ்பைருலினாவுக்குப் போடும் ஜாரூக் மீடியாவில் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட். அந்த உப்புத் தண்ணீர் ஒயர் வழியே ஊர்ந்து மேலே வந்து, மூடிக்கு வெளியே வெள்ளையாகப் பூத்து, இணைப்பைத் தின்றுவிடும். நான் மூடியின் துளையில் மெல்லிய சோதனைக் குழாய் ஒன்றைச் செருகி ஒட்டினேன். அது பாட்டிலோடு ஆட்டோகிளேவுக்குப் போகும். வெளியே வந்து ஆறியதும் குழாய்க்குள் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு சென்சாரை இறக்குவேன். ரீடிங் ஓரிரு நிமிடம் தாமதமாக வரும். அரை லிட்டர் தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை, அதனால் அது ஒரு குறையே இல்லை.

வெப்பம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் முதல் ‘கண்டுபிடிப்பு’ அதில்தான் சரிந்தது. வெளிச்சத்தை 40 சதவீதத்திலிருந்து 100 சதவீதத்துக்கு ஏற்றினால் வளர்ச்சி அப்படித் தாவுகிறது என்று நான் படம் போட்டு, வாராந்திரக் கூட்டத்தில் காட்டியும் விட்டேன். வழிகாட்டி மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “பாட்டில் எவ்வளவு சூடும்மா?” அப்போது சென்சார் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தால் இரவில் 29, முழு வெளிச்சத்தில் 36. ஸ்பைருலினாவுக்குப் பிடித்த வெப்பமே 30-லிருந்து 35 வரைதான். நான் ஒளியைக் கூட்டியதாக நினைத்துக்கொண்டு அடுப்பையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறேன். எல்.இ.டி. சூடாகாது என்பது குண்டு பல்போடு ஒப்பிடும்போது சொல்லும் பேச்சு. 14 வாட் விளக்கை மூடிய குழாய்க்குள் அடைத்தால் அந்தச் சூடு எங்கே போகும்? பைப்பின் அடியில் சிறு ஃபேன் வைத்து, மேலே திறந்துவிட்டு, ஃபேன் வேகத்தை வெப்பத்துக்கு ஏற்ப மாற்றினோம். எந்த வெளிச்சத்திலும் பாட்டில் 32-ல் நிற்கும்படி ஆனபிறகு அந்தத் தாவல் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆறாவது பாட்டில் தேங்கியதிலும் சூட்டுக்கு ஒரு பங்கு இருந்தது. வெளிச்சம் குறைந்த இடம் குளிர்ந்தும் இருந்தது.

வெளிச்சத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் பி.டபிள்யூ.எம். முறையில், அதாவது விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவது. அதற்கு மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் ஒன்று வேண்டும். கடையில் கேட்டபோது ஐ.ஆர்.எஃப்.இசட்.44 கொடுத்தார். மாட்டினேன். விளக்கு மங்கலாக எரிந்தது, மாஸ்ஃபெட் தொட்டால் சுட்டது. அது முழுதாகத் திறக்க, அதை இயக்கும் கேட் முனையில் 10 வோல்ட் கேட்கும். ஈ.எஸ்.பி.32 கொடுப்பது 3.3. பாதி திறந்த குழாய் மாதிரி நின்று சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. நமக்கு வேண்டியது ஐ.ஆர்.எல்.இசட்.44. ஒரே எழுத்துதான் வித்தியாசம், எஃப் இல்லை எல். சீட்டில் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்தது லக்ஸ் மீட்டர் செய்த வேலை. வெள்ளை ஒளியில் வளர்வதும் சிவப்பு ஒளியில் வளர்வதும் எப்படி என்று ஒப்பிட ஆசை. பி.எச்.1750 என்ற சின்ன ஒளி சென்சார் லக்ஸில் அளந்து சொல்லும். வெள்ளையை 3000 லக்ஸுக்கு வைத்தேன். 660 நானோமீட்டர் சிவப்பையும் ஏற்றி ஏற்றி 3000 லக்ஸுக்குக் கொண்டுவந்தேன். சமம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் சிவப்பு பாட்டில்கள் மஞ்சளடித்துவிட்டன.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காக வைத்த அளவு. கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை அதிகம். 660 சிவப்பில் அந்தக் கூர்மையில் 6 சதவீதம்தான் மிஞ்சும். பாசிக்குக் கண் இல்லையே. அதற்கு வந்து விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு. சதுர மீட்டருக்கு, நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று அதை அளப்பார்கள். கணக்குப் போட்டால் 3000 லக்ஸ் வெள்ளை என்பது 40 மைக்ரோமோல் சுமார். 3000 லக்ஸ் சிவப்பு என்பது 400-ஐ ஒட்டி வருகிறது. புதிதாக விட்ட நீர்த்த கல்ச்சர் மேல் அவ்வளவு ஒளியைக் கொட்டினால் வெளிறத்தான் செய்யும். இலையை உச்சி வெயிலில் காயப்போட்டது மாதிரி. இரண்டு தவறு சேர்ந்து நடந்திருக்கிறது. ஒளியைத் தப்பாக அளந்தது ஒன்று, முதல் நாளே முழு ஒளியைப் போட்டது இன்னொன்று. இப்போது விதை விட்ட முதல் இரண்டு நாள் குறைந்த ஒளி, அடர்த்தி ஏற ஏற ஒளியும் ஏறும். அடர்ந்த கல்ச்சரில் வெளி ஓரத்து இழைகளே ஒளியைக் குடித்துவிடுவதால் உள்ளே இருட்டாகிவிடுகிறது. தொடர்ந்து ஏற்றாவிட்டால் நடுவில் இருப்பவை பட்டினி.

பக்கத்துத் துறையில் ஒளித்துகள் அளக்கும் உண்மையான மீட்டர் ஒன்று இருந்தது. அதை அரை நாள் இரவல் வாங்கி வந்து, ஒவ்வொரு நிறத்துக்கும், ஒவ்வொரு பி.டபிள்யூ.எம். அளவுக்கும், காலி உறையின் நடுவில் வைத்து அளந்து அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன். அதன்பிறகு மலிவு சென்சாரின் வேலை, நேற்று எரிந்த மாதிரியே இன்றும் எரிகிறதா என்று பார்ப்பது மட்டும். அதற்கு அது போதும். ஸ்பைருலினாவுக்கு நிறம் தேர்ந்தெடுப்பவர்கள் பச்சயத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதன் நீலநிறமியான ஃபைகோசயனின் 620 நானோமீட்டர் பக்கம் ஒளியை வாங்கும். மலிவாகக் கிடைக்கும் பலவண்ண ஸ்ட்ரிப்புகளின் சிவப்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழுகிறது. குளோரெல்லா போன்ற பச்சைப்பாசிக்கு அந்தச் சாதகம் கிடையாது.

அடர்த்தியை, நாங்கள் ஓ.டி. என்று சொல்வதை, தானாக அளக்க வைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாட்டிலின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., எதிரே ஒளியை உணரும் ஃபோட்டோடயோடு. பச்சயம் அகச்சிவப்பை உறிஞ்சாது, அதனால் நிறம் கூடியதா, செல் கூடியதா என்ற குழப்பம் குறைவு. முதல் நாள் ரீடிங் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. வளர்ப்பு விளக்கின் வெளிச்சமே டயோடை நிரப்பிவிட்டது. இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கை அணைத்து, காற்றை நிறுத்தி, குமிழி மேலேறிப் போக ஐந்து நொடி விட்டு, அகச்சிவப்பு அணைந்திருக்கும்போது ஒரு ரீடிங், எரியும்போது ஒரு ரீடிங் எடுத்து, கழித்துக்கொள்கிறோம். ஐந்து நொடிக்கு மேல் காத்திருக்கவும் கூடாது. ஸ்பைருலினா இழைகளில் வாயுப்பைகள் உண்டு, கலக்குவது நின்றால் மெல்ல மேலே மிதந்து கூடிவிடும். டயோடின் ரீடிங்கை ஈ.எஸ்.பி.32-இன் சொந்த உள்ளீட்டில் வாங்காமல் ஏ.டி.எஸ்.1115 என்ற தனிச் சில்லில் வாங்குங்கள். போர்டின் அளவீடு நேர்கோடாக இருக்காது. அதோடு அதன் ஒரு பகுதி ஊசிகள் வைஃபை ஓடும்போது அளக்கவே மாட்டேன் என்னும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

பிஎச், அதாவது மீடியாவின் அமில-காரத் தன்மை, அதை அளப்பதில் மட்டும் தோற்றேன். இரண்டு எலெக்ட்ரோடுகளை ஒரே சப்ளையில் மாட்டினால் ஒன்றின் ரீடிங்கை மற்றொன்று இழுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மின்தொடர்பைப் பிரிக்கும் தனி போர்டு வேண்டும், ஆறு பாட்டிலுக்கு அது கட்டுப்படியாகவில்லை. காலையில் ஒருமுறை மாதிரி எடுத்துக் கை மீட்டரில் பார்க்கிறேன். ஸ்பைருலினாவில் பிஎச் நாள் கணக்கில்தான் நகர்கிறது. நொடிக்கு நொடி தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன்?

இரவுக் காவலாளி அண்ணன் ஒருவர் சொல்லித்தான் இன்னொரு பிழை தெரியவந்தது. “ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க ரூம்ல திருவிழா மாதிரி வெளிச்சமா இருக்கு, யாராவது இருக்கீங்களா?” யாரும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் பகல், பன்னிரண்டு மணி நேரம் இரவு என்று வைத்திருந்தேன். போர்டு உயிர் பெற்ற நொடியிலிருந்து அந்தக் கணக்கு. மாலை ஆறு மணிக்குக் கரண்ட் போய் வந்திருக்கிறது. போர்டு புதிதாக விழித்து, இதோ விடிந்துவிட்டது என்று எண்ணத் தொடங்கிவிட்டது. பட்டன் செல் போட்ட டி.எஸ்.3231 கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்தபிறகு அந்தத் தொல்லை இல்லை. எந்த நேரம் கரண்ட் போனது, வந்தது என்பதும் இப்போது பதிவாகிறது. அந்தப் பதிவு கடைசியில் நான் நினைக்காத இடத்தில் உதவியது.

ஆறாவது பாட்டிலை நாங்கள் அப்புறம் கல்ச்சருக்குப் பயன்படுத்தவில்லை. அதில் வெறும் மீடியா மட்டும். அதே வெளிச்சம், அதே காற்று, அதே சென்சார். மற்ற ஐந்தில் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்தால் முதலில் ஆறாவதின் கோட்டைப் பார்ப்பேன். அதிலும் அதே மேடு இருந்தால் கோளாறு கருவியில். ஜூனியர் தம்பி வாரம் ஒருமுறை வந்து, “அக்கா, அது சும்மாதானே ஓடுது, எனக்குக் குடுங்களேன்” என்பான். கொடுக்கவில்லை.

போன மாதம் அந்த ஆறாவதின் ஓ.டி. கோடு மெல்ல ஏறத் தொடங்கியது. சென்சார்தான் நகர்ந்துவிட்டது என்று திருகாணியை இறுக்கினேன். மறுநாளும் ஏறியது. உறையிலிருந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே இளம்பச்சை. பதிவைப் பின்னோக்கிப் பார்த்தேன். நான்கு நாள் முன்பு நாற்பது நிமிடம் கரண்ட் இல்லை. பம்ப் நின்றதும் ஐந்தாவது பாட்டிலின் கல்ச்சர் காற்றுக்குழாய் வழியே பின்னோக்கி வழிந்து, ஆறுக்கும் பொதுவான கிளைக்குழாய் வரை வந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் பம்ப் அதை ஆறாவதுக்குள் ஊதிவிட்டது. மீன்தொட்டிக் கடையில் காற்று ஒரே திசையில் மட்டும் போகவிடும் சின்ன வால்வு சில ரூபாய்க்குக் கிடைக்கும். பாட்டிலுக்கு ஒன்றாக ஆறு வாங்கி வந்து மாட்டினேன்.

தம்பி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கடைசியில இதுவும் வளர்ந்துடுச்சேக்கா” என்றான்.